‘அவர்’ என்ற சொல்லே இல்லாத நாவல்: ஒரு சொந்தப் பதிப்புக்கு எழுத்துரு தேர்ந்த விவரம்

பின்னணி

எழுதியவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணம் பக்கம், எழுபதை நெருங்கும் வயது. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயலை வைத்து ஆறு வருடமாக எழுதிய முதல் நாவல், ஏறத்தாழ 68,000 சொல். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார், பதில் வரவில்லை, சரி நாமே போட்டுவிடலாம் என்று 500 பிரதிக்குப் பணம் ஒதுக்கி வைத்திருந்தார்.

புத்தகத்துக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் என்னிடம் வருவதற்கு முன்பே ஊரில் ஒரு டிடிபி கடையில் பக்கம் அமைத்து மாதிரிக்குப் பத்துப் பிரதி எடுத்திருந்தார். அதில் ஒன்றை அவருடைய அக்காவிடம் கொடுத்தார். எழுபத்து நான்கு வயது, நாள் தவறாமல் செய்தித்தாள் படிப்பவர். நாற்பது பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, கண்தான் ஒத்துழைக்கவில்லை என்று சொன்னாராம். “தம்பி, எழுத்துருவை மட்டும் மாத்திக் கொடுங்க, மத்ததெல்லாம் முடிஞ்ச வேலை” என்றுதான் எழுதியவர் என்னிடம் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார். நானும் ஒரு வாரத்து வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். நான்கு மாதம் ஆனது.

மாதிரிப் பிரதியில் பார்த்தது

பிரதியைக் கையில் வாங்கியதும் முதலில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. டெமி அளவு, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து, 368 பக்கம். எழுத்து சின்னது என்று சொல்ல முடியாது. அப்படியானால் அக்கா ஏன் மூடி வைத்தார்?

அவர் வீட்டுக்கே போய், டியூப் லைட் வெளிச்சத்தில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தடுமாறும் இடத்திலெல்லாம் என் பிரதியில் பென்சிலால் ஒரு கோடு. இரண்டு பக்கத்தில் பதினேழு கோடு விழுந்தது. ‘பல் வலி’ என்ற இடத்தில் அவர் ‘பல வலி’ என்று படித்துவிட்டு, ஒரு நொடி நின்று, மறுபடி போய்ப் படித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ல்-இன் தலையில் புள்ளி இருக்கத்தான் செய்தது, ஆனால் ஒரு குண்டூசி முனை அளவுக்கு, அதுவும் எழுத்தின் மேல்கோட்டோடு பாதி ஒட்டிக்கொண்டு. அந்த எழுத்துருவில் புள்ளியே சிறிசு, மேப்லித்தோவில் மை கொஞ்சம் பரவினால் அது எழுத்தோடு சேர்ந்துவிடும், மை குறைந்தால் காணாமலே போய்விடும். ஏ-வின் கீழே வரும் சின்னக் காலுக்கும் அதே கதி, எ-வாகத் தெரிந்தது. கோடுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு காரணத்தால் விழுந்தவை.

மீதிக் கோடுகள் சொற்களுக்கு நடுவே இருந்த ஓட்டைகளால். தமிழில் சொல் நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இந்த நாவலில் அது இன்னும் அதிகம், ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொள்கிறது. அது அடுத்த வரிக்குப் போனால் முந்தைய வரியில் நான்கே சொல் மிஞ்சி, இரண்டு பக்க ஓரமும் நேராக வரவேண்டும் என்பதற்காக அந்த நான்கும் விலகி விலகி நிற்கும். கடையில் எல்லாப் பத்திக்கும் அப்படித்தான் ஓரம் கட்டியிருந்தார்கள்.

எழுத்துருவை மாற்ற முடியவில்லை

எழுதிய ஐயா நினைத்தது போல எல்லாவற்றையும் தேர்வு செய்து வேறு எழுத்துருவைச் சொடுக்கினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வந்தது. காரணம் பலருக்கும் தெரிந்ததுதான்: அவர் தட்டச்சு செய்தது பாமினி வகைப் பழைய எழுத்துருவில். அந்த வகையில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தி வைத்திருப்பார்கள். மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடத்தில் கோப்பில் இருப்பது வெறும் அரைப்புள்ளி. தமிழக அரசே 2010இல் உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனாலும் டிடிபி கடைகளில் இந்தப் பழைய முறை இன்னும் ஓடுகிறது, ஏனென்றால் அவர்கள் வைத்திருக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது.

ஆக இரண்டு வழி. ஒன்று, அதே பழைய குறிமுறையில் புள்ளி பெரிதாக இருக்கும் வேறு எழுத்துருவைத் தேடி மாற்றிவிடுவது, இரண்டு நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, நாவல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, ஆரம்பத்திலிருந்து மெய்ப்புப் பார்ப்பது. நான் இரண்டாவதைச் சொன்னேன். பின்னால் மின்னூல் போட வேண்டியிருக்கும், பேரப்பிள்ளைகள் கைபேசியில் தேடிப் படிக்க வேண்டியிருக்கும் என்பது ஐயாவுக்குச் சொன்ன காரணம். கடையிலிருந்த எழுத்துரு யாரிடம் எப்படி வாங்கியது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை, உரிமம் தெரியாத ஒன்றை வைத்து ஒரு புத்தகத்தை விற்க எனக்கு மனசில்லை என்பது எனக்கான காரணம்.

மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்ததும், சோதித்துப் பார்க்க ‘அவர்’ என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. 68,000 சொல் கொண்ட ஒரு தமிழ் நாவலில் ‘அவர்’ இல்லை! கண்ணுக்கு எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது, தேடினால் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஐயா ர் வரும் இடத்திலெல்லாம் துணைக்காலைத் தட்டி அதன் மேல் புள்ளி வைத்திருக்கிறார், ‘அவா்’ என்று. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் வந்தவர்கள் பலரும் செய்வதுதான், காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் துணைக்கால் தனி, ர தனி, கணினிக்கு அது வேறு சொல். நல்லவேளை, துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வருவது தமிழில் எங்குமே சாத்தியமில்லை என்பதால் மொத்தமாகத் தேடி மாற்ற முடிந்தது. ‘ஒளவை’ மாதிரி ஔ-வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியது சில இடம், அவற்றைக் கையால் திருத்தினோம், ‘ஒளி’யையும் சேர்த்து மாற்றிவிடக் கூடாதே.

ஸ்ரீரங்கம் இன்னும் கொஞ்சம் படுத்தியது. நாவலில் 47 முறை வருகிறது, தேடினால் 41தான் கிடைத்தது. பழைய கோப்பிலிருந்து மாறி வந்தவற்றில் ஸ்ரீக்குள் ஸ் என்ற எழுத்து இருந்தது. ஐயா பிறகு கைபேசியில் தட்டி அனுப்பிய திருத்தங்களில் ஶ் இருந்தது, யூனிகோடில் 2005இல் சேர்ந்த எழுத்து அது. இரண்டுமே திரையில் ஒரே ஸ்ரீயாகத் தெரியலாம், எழுத்துருவைப் பொறுத்து ஒன்று கூட்டெழுத்தாகவும் மற்றது பிரிந்தும் நிற்கலாம். 47ஐயும் ஒரே வகையாக்கினோம். மெய்ப்பு முடிய ஏழு வாரம்.

மோசமான பக்கத்தை வைத்துச் சோதித்தது

எழுத்துருவைப் பார்க்கும்போது அ முதல் ஃ வரை வரிசையாக அடித்துப் பார்ப்பதும், அழகான நான்கு வரியைப் பெரிதாகப் போட்டுப் பார்ப்பதும் வழக்கம். அப்படிப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கும். நான் நாவலிலேயே மோசமான பக்கம் எது என்று தேடினேன். புயல் அடித்த இரவு, தபால் நிலையத்தில் தந்தி வரும் பக்கம். அதில் ஸ்ரீரங்கம் இருக்கிறது, 12.11.1977 என்ற தேதி இருக்கிறது, ண, ன, ணை, னை நெருக்கமாக வருகின்றன, நீளமான சொற்கள், மேலே சுழிக்கும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘மூ’வும் அடுத்தடுத்த வரியில் மோதும் இடம் ஒன்றுகூட இருக்கிறது.

அந்த ஒரே பக்கத்தை மூன்று எழுத்துருவில் அடித்தேன். லதா, ஐயாவின் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் அவர் கேட்டது. நோட்டோ செரிஃப் தமிழ். முக்த மலர். பின்னவை இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அச்சிடவும் மின்னூலில் பதிக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாயின்ட் அளவை நம்பவில்லை, ஒரு எழுத்துருவின் 11 இன்னொன்றின் 12 போல இருக்கும். அடிக்கோலை வைத்து ‘ப’வின் உயரத்தை அளந்து மூன்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் கடையின் வெள்ளைத் தாளில் எடுக்காமல், மேப்லித்தோ தாளையே வெட்டி வாங்கி லேசரில் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். எது எந்த எழுத்துரு என்று சொல்லவில்லை, பின்பக்கத்தில் பென்சிலால் எண் மட்டும்.

லதாவில் ஐந்து தடுமாற்றக் கோடு, ஆனால் அதே உயரத்தில் அகலமாக ஓடியதால் நாவல் முழுக்கப் போட்டால் மறுபடி 368 பக்கத்தைத் தொட்டது. முக்த மலரில் மூன்று கோடு. புள்ளி நன்றாகத் தெரிகிறது, எழுத்தின் வளைவெல்லாம் ஒரே தடிமன், தெளிவு. ஆனால் அதில் அரை மணி நேரம் படிக்கச் சொன்னபோது அக்கா சொன்னது எனக்குப் பிடித்தது: “பஸ் போர்டு படிக்கற மாதிரி இருக்கு, கதை படிக்கற மாதிரி இல்ல.” நோட்டோ செரிஃபில் நான்கு கோடு. தடித்தும் மெலிந்தும் வரும் எழுத்து, அவருடைய தலைமுறை பார்த்துப் பழகிய அச்சு எழுத்தின் சாயல். அரை மணி நேரமும் நிற்காமல் படித்தார், பக்கத்தைத் திருப்பி அடுத்தது எங்கே என்று கேட்டார்.

ஒரு கோடு அதிகமாக இருந்தும் நோட்டோ செரிஃபைத் தேர்ந்தோம். நாவல் என்பது மணிக்கணக்கில் படிப்பது, ஒரு பக்கத்துத் தடுமாற்றத்தை விட அந்த அரை மணி நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு வாசகரை வைத்து எடுத்த முடிவு என்பதும் தெரியும், இருந்த ஒரு வாசகர் அவர்தான்.

அளவும் பக்கமும்

ஐயாவுக்கு 12 புள்ளி வேண்டும், எனக்கு 11 போதும் என்று பட்டது, 11.5இல் நின்றோம், வரிக்கு வரி 16.5. பக்கம் 336 வந்தது, அதாவது 16 பக்கம் கொண்ட ஃபாரம் 21. 12 புள்ளி வைத்தால் 23 ஃபாரம், பிளேட்டும் தாளும் சேர்த்து ஏறக்குறைய 6,000 ரூபாய் கூடுதல் என்று அச்சகத்தில் சொன்னார்கள். இந்தக் கணக்கு புதிதல்ல. ஐயாவின் ஊரிலிருந்து தரங்கம்பாடி தூரமில்லை. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அங்கே வந்திறங்கிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், அங்கேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் ஐயா உடனே 11.5க்கு ஒத்துக்கொண்டார்.

பக்கம் அமைத்தது இன்டிசைனில். புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை, அதில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டைகளை அடைக்க, நீளமான சொல்லை வரி ஓரத்தில் உடைக்கலாம் என்றேன். ஐயா முகம் மாறிவிட்டது. “சொல்லை வெட்டுவீங்களா தம்பி?” அவர் அலமாரியிலேயே இருந்த அறுபதுகளின் நாவல் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன், பக்கத்துக்கு ஏழெட்டு இடத்தில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது, இணைப்புக் கோடு எதுவும் போடாமலே. ஐம்பது வருடமாகப் படித்தும் கவனித்ததில்லை என்றார். ஒரே நிபந்தனை, புள்ளி வைத்த எழுத்து எந்த வரியிலும் முதலாக வரக் கூடாது. மென்பொருள் சில இடத்தில் தப்பாக உடைத்தது, அங்கெல்லாம் நானே கையால் வரியை முறித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கடிதங்கள்

நாவலில் பாட்டி ஒருத்தி எழுதும் பதினொரு கடிதம் உண்டு. ஐயா அவற்றைச் சாய்ந்த எழுத்தில் கேட்டார். தமிழில் சாய்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் இருப்பது போன்ற மரபு கிடையாது. நோட்டோ செரிஃபில் சாய்ந்த வடிவம் இருக்கிறது, போட்டுப் பார்த்தோம், நான்கு வரிக்கு நன்றாக இருந்தது, நான்கு பக்கத்துக்கு அலுப்புத் தட்டியது. கடிதங்களுக்கு முக்த மலர், அளவு 10, இடப்பக்கம் தள்ளி, வலது ஓரம் கட்டாமல் என்று முடிவானது.

அப்போதுதான் ஐயாவுக்கு ஒரு யோசனை. கடிதங்கள் 1977இல் எழுதப்பட்டவை, எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978 அக்டோபரில். பாட்டி ‘லை’யைப் பழைய மாதிரி, யானைத் துதிக்கை போன்ற சுழியோடுதானே எழுதியிருப்பாள்? நியாயம்தான். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, இவற்றோடு ணொ, றோ வகையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்து மாறியது. ஆனால் யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் தனித்தனி இடம் இல்லை, இரண்டும் ஒரே எழுத்து, எப்படி வரைவது என்பது எழுத்துருவின் விருப்பம். நாங்கள் தேர்ந்த இரண்டிலும் புதிய வடிவம்தான். மூன்றாவதாக ஒரு எழுத்துருவைப் பிடித்து, அது மற்ற இரண்டோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மறுபடி சோதித்து... எனக்கு அதில் இஷ்டமில்லை.

இரண்டு நாள் கழித்து ஐயா ஒரு தாளைக் கொண்டுவந்தார். அக்கா கையால் எழுதிக் கொடுத்த முதல் கடிதம். அவர் பள்ளியில் படித்தது பழைய எழுத்து, இன்றைக்கும் கடைச் சீட்டில் ‘வெல்லம், மிளகு, கடலை’ என்று துதிக்கையோடுதான் எழுதுகிறார். அதை 1,200 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாக வருடி முதல் கடிதத்தின் பக்கத்தில் படமாக வைத்தோம். மற்ற பத்தும் முக்த மலரில்.

அச்சான பிறகு

500 பிரதியும் ஆஃப்செட்டில் அச்சானது. கட்டைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுத்து மெலிந்து தெரிந்தது. நான் சோதித்ததெல்லாம் லேசரில், அதில் டோனர் தாளின் மேல் படிந்து கோட்டைக் கொஞ்சம் தடிக்க வைக்கும். ஆஃப்செட் மையில் அந்தத் தடிப்பு இல்லை, தடித்தும் மெலிந்தும் வரும் எழுத்துருவில் மெலிந்த பகுதிதான் முதலில் அடிபடும். பெரிய எழுத்தில் சமாளித்துவிட்டது. ஆனால் வட்டாரச் சொற்களுக்குப் பக்க அடியில் கொடுத்திருந்த 8.5 புள்ளிக் குறிப்புகள் படிக்கக் கஷ்டமாகிவிட்டன. அக்கா நாவலை ஆறு நாளில் முடித்துவிட்டார், “அடியில இருக்கறத மட்டும் படிக்கல, எனக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியும்” என்றார். வெளியூர் வாசகர்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

ஒரு வாசகர் பதினான்கு இடத்தைக் குறித்து, சொல் உடைந்திருக்கிறது, அச்சுப்பிழை என்று எழுதியிருந்தார். பதினொன்று நாங்கள் தெரிந்தே உடைத்தவை. மூன்று உண்மையான பிழை, மூன்றும் என்னுடையவை. ஐயா கடைசி நேரத்தில் ஒரு அத்தியாயத்தில் இரண்டு பத்தி சேர்த்தார், வரிகள் நகர்ந்தன, நான் கையால் முறித்து வைத்த இடங்கள் வரியின் நடுவில் வந்து நின்றுவிட்டன. அங்கே வரி பாதியில் அறுந்து, அடுத்த வரி சொல்லின் மிச்சத்தோடு தொடங்குகிறது. மற்றபடி ஒன்பது மாதத்தில் 430 பிரதி போனது, எழுத்து சரியில்லை என்று படிப்பை நிறுத்தியதாக யாரும் சொல்லவில்லை.

மறுபடி செய்தால்

அந்தத் தந்திப் பக்கத்தையும் அடிக்குறிப்பு இருக்கும் ஒரு பக்கத்தையும் அச்சகத்திலேயே, அதே இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். வேறு ஏதாவது வேலைக்கு ஓடும் தாளின் ஓரத்தில் சேர்த்துப் போடச் சொன்னால் பெரிய செலவில்லை, கேட்கத் தோன்றவில்லை. கையால் வரியை முறிக்கும் வேலையைத் திருத்தம் எல்லாம் முடிந்து, ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் தொடுவேன். யூனிகோடு மாற்றத்தை முதலில் தனி வேலையாகப் பேசித் தனியாகக் கூலி சொல்லியிருக்க வேண்டும், அந்த ஏழு வாரத்துக்கு நான் கேட்டது மிகக் குறைவு. நோட்டோ செரிஃபைத் தேர்ந்ததை மட்டும் மாற்ற மாட்டேன்.

இரண்டாம் அச்சுக்கு 200 பிரதி கேட்டிருக்கிறார்கள். நோட்டோ செரிஃபிலேயே ஒரு படி தடித்த மீடியம் வடிவத்தை உள்ளெழுத்துக்குப் போட்டிருக்கிறேன், அடிக்குறிப்புகளை முக்த மலருக்கு மாற்றி 9 ஆக்கியாயிற்று. எழுத்து தடித்தால் அகலமும் சிறிது கூடும், 336 பக்கம் 340 ஆகிவிட்டது. நான்கு பக்கத்துக்காக ஒரு ஃபாரம் கூட்டினால் பன்னிரண்டு பக்கம் காலியாக நிற்கும். ஐயா, கடைசி நேரத்தில் சேர்த்த அந்த இரண்டு பத்தியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அது அரைப் பக்கம்கூட வராது ஐயா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறார்.